சோக் போட்டால்தான் ஓடும்

புல்லட் வைத்திருப்பவன் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். ஓட்டுகிறானா என்று யாரும் கேட்பதில்லை, அதுவரை மரியாதை. என்னுடையது எண்பதுகளில் திருவொற்றியூரில் செய்த 350. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஐம்பதுகளில் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பாகங்களை வரவழைத்து மெட்ராஸில் பூட்டத் தொடங்கிய வம்சம் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்குவேன். அவர்கள் ஹேண்டில்பாரில் காயும் உள்பாவாடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பல வருஷம் சும்மா நின்றதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுப்ப நினைத்தேன். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அமுக்கி, டிகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் சற்று இறக்கி, விட்டுவிட்டு ஓங்கி ஒரே மிதி. சாஸ்திரம் பிசகாமல்தான் மிதித்தேன். சத்தம் கேட்டது, முழங்காலிலிருந்து.

புதுப் பெட்ரோலும் புது பிளக்கும் போட்டதும் உயிர் வந்தது. ஆனால் சோக் போட்டிருக்கும்வரைதான். எடுத்தால் இருமிக்கொண்டே அணைந்துவிடும். “உங்கப்பா மாதிரியேடி. காபி டம்ளர் கையில இருக்கிற வரைக்கும்தான் ஓடும்” என்று மகளிடம் சொன்னாள் மனைவி.

மெக்கானிக் பாய் போனிலேயே சொல்லிவிட்டார்: “பைலட் ஜெட் அடைச்சிருக்கும் சார்.” எனக்கு ஏமாற்றம். இத்தனை பெரிய உடம்புக்கு இவ்வளவு அற்ப வியாதியா? ஆனால் கணக்கு சரிதான். ஐட்லிங்கில் வண்டி நம்பியிருப்பது பைலட் ஜெட்டை. சோக் தனி வழியில் பெட்ரோல் கொடுப்பதால் அது இருக்கும்வரை குறை தெரியாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் நீடிலும் மெயின் ஜெட்டும் சமாளித்துக்கொள்ளும்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். லேசான பகுதியெல்லாம் ஆவியாகிப் போய், மிச்சமிருந்த பெட்ரோல் பழுப்புப் பிசினாக உறைந்திருந்தது. வார்னிஷ் நாற்றம். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை வேறு இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு. பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மறுபக்கம் அமாவாசை.

புடவைப் பின் கேட்டேன். “அதால குத்தாதீங்க சார், ஓட்டை பெரிசாயிட்டா ஜெட்டே போச்சு” என்று பாய் தடுத்தார். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துத்தான் திறக்க வேண்டுமாம். ஊறவைக்கச் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் எடுத்தேன். அந்தக் கிண்ணம் அன்றோடு சமையலறையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டது; எனக்கு மன்னிப்பு கிடைக்க இரவாயிற்று.

ஏர் ஸ்க்ரூவை மெல்ல முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தேன். மிதித்தேன். சோக் இல்லாமலே நின்று துடித்தது புல்லட். மகள் கைதட்டினாள். மனைவி உள்பாவாடையை எடுத்து மாடிக் கொடியில் போட்டாள். இதைவிடப் பெரிய அங்கீகாரம் இந்த வீட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நீண்டநாள் நிற்கப்போகிறதென்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். பிசின் கட்டாது.