மூடி கேட்டோம், முடித்துவிட்டார்கள்

எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைநீர் வடிகாலை மூடியிருந்த சிமென்ட் பலகை லாரி ஏறி உடைந்து உள்ளே விழுந்ததில் பிறந்தது. அகலம் இரண்டடி, நீளம் மூன்றடி. ஆழம் தெரியாது, அளந்து பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் பொருந்தும்.

பிறந்த அன்றே அதற்கு முதலுதவி நடந்தது. எதிர்வீட்டுக்காரர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இஸ்திரி வண்டிக்காரர் வேப்பங்கொம்பு ஒன்றை ஒடித்துச் செருகினார். யாரோ அதில் சிவப்புத் துணி கட்டினார்கள். மூன்றாம் நாள் கொம்பின் அடியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் உண்டியல் வந்திருக்கும். உண்டியல் வந்திருந்தால் அறநிலையத் துறையாவது வந்து எட்டிப் பார்த்திருக்கும்.

அதற்குள் சங்கம் முந்திக்கொண்டது. எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கம், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி முறையாகப் பதிவு பெற்றது. அந்தச் சட்டப்படி ஒரு சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். எங்கள் மாதாந்திரக் கூட்டத்துக்கும் ஏழு பேர்தான் வருவார்கள். ஆக, மாதம் ஒருமுறை புதிதாகத் தொடங்குகிறோம்.

செல்பேசிச் செயலியில் புகார் கொடுத்தோம். படம் எடுத்து, அட்சரேகை, தீர்க்கரேகையோடு அனுப்பினோம். எங்கள் பள்ளம் எங்கே இருக்கிறது என்று விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளுக்குத் தெரியும். பத்து நிமிட நடையில் இருக்கும் அலுவலகத்துக்குத் தெரியாது. வரி பாக்கி என்றால் மட்டும் அதே அலுவலகத்துக்கு வீட்டு எண், மாடி எண், கதவின் நிறம் வரைக்கும் தெரியும். 2022-இல் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி கட்டடத்தின் அளவைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தது. ஒரு வீட்டையும் தவறவிடாமல் அளந்தார்கள். அளக்கும் கலை அவர்களுக்குக் கைவந்தது. பள்ளத்தை அளக்கச் சொன்னால்தான் டேப் கிடைப்பதில்லை.

நான்காம் நாள் குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.’ ஓடிப்போய்ப் பார்த்தோம். நாற்காலி இருந்தது. கொம்பு இருந்தது. பள்ளம் இருந்தது. நாங்கள் மூடி கேட்டோம். அவர்கள் முடித்துவிட்டார்கள். நெடிலைக் குறிலாக்கியதுதான் அவர்கள் பார்த்த வேலை.

மறுபடி கொடுத்தோம். மறுபடி முடித்தார்கள். மூன்றாம் முறை முடித்தபோது கூடவே ஒரு கேள்வி வந்தது: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? சங்கச் செயலாளர் ஐந்தும் கொடுத்தார். வங்கியில் முப்பது வருடம் மேலாளராக இருந்தவர், விவரம் தெரிந்தவர். ‘குறைச்சுப் போட்டா கோவிச்சுக்குவாங்க சார். அடுத்த புகாரை எடுக்கவே மாட்டாங்க’ என்றார். குடிமகனின் உரிமை என்று பள்ளியில் படித்தோமே, அது இதுதான். பள்ளத்துக்குள் நின்றுகொண்டு பாராட்டுவது.

நேரில் போனோம். உடைத்தது சாலைப் பிரிவின் லாரி. பலகை வடிகால் பிரிவின் சொத்து. உள்ளே ஓடுவது சாக்கடை என்பதால் அது கழிவுநீர்ப் பிரிவு. விளிம்பில் நிற்கும் கம்பம் தெருவிளக்குப் பிரிவு. ஒரு பள்ளத்துக்கு நான்கு காப்பாளர்கள். சோறு போட மட்டும் ஆளில்லை.

‘மழைநீர் வடிகாலில் சாக்கடை எப்படி ஓடுகிறது?’ என்று கேட்டார் உதவிப் பொறியாளர். நியாயமான கேள்வி. நாங்கள் ஏழு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். கழிவுநீர் லாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க, இரவோடு இரவாக வடிகாலில் குழாய் இறக்கிய வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. பொருளாளர் வீடு அதில் முதல் வீடு. ‘அதையெல்லாம் இப்போ கிளற வேண்டாமே’ என்றார் பொருளாளர். ‘அப்போ இதையும் கிளற வேண்டாம்’ என்றார் பொறியாளர். இரு தரப்புக்கும் இடையே அவ்வளவு சுமுகமான உடன்பாடு நான் கண்டதில்லை.

கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். கவுன்சிலரின் கணவரைப் பார்த்தோம். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று தமிழ்நாடு 2016-இல் சட்டத்தைத் திருத்தியது. எங்கள் வார்டில் அதை மனைவி பாதி, கணவன் பாதி என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். கையெழுத்து அம்மாவுடையது, மற்றதெல்லாம் ஐயாவுடையது. மக்கள் பிரதிநிதி எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நல்ல காபி. பள்ளத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கவுன்சிலர் இருப்பதே பெரிது என்றும் சொல்லலாம். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். குழாயில் ஐந்து நாள் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு மறியலுக்கு உட்காரும் நாம், ஐந்தாண்டுக்கு மேல் மக்களாட்சி வராததற்கு ஒரு குடத்தைக்கூடத் தெருவில் வைக்கவில்லை. நகராட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் தரும் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். வார்டுக்குள் மக்கள் உட்கார்ந்து பேசப் பகுதி சபைக்கான விதிகள் தமிழ்நாட்டில் வந்தது 2022-இல். நாற்காலி போடவே 29 வருடம். மூடி போட ஐந்து மாதம் ஆனால் என்ன கெட்டுப்போயிற்று?

உத்தரவுகளுக்குக் குறைவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுதினார். அந்தக் கடிதம் எங்கள் தெருவுக்கு வரும் வழியில் ஏதோ பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போனேன். இன்று இரண்டு படி இறங்கிப் போகிறேன். இந்த ஊரில் தார்ச் சாலையைப் போல உயர்ந்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள் மட்டுமே.

சங்கம் என்ன செய்தது? பலகை வைத்தது. அவசரப்பட்டு மகிழ வேண்டாம். வடிகாலின் மேல் அல்ல. கம்பத்தில். ‘பள்ளம் உள்ளது, கவனம்’ என்று சின்ன எழுத்தில். அதன் கீழே நன்கொடையாளர் பெயர் பெரிய எழுத்தில். பள்ளத்தில் விழுபவருக்கு, விழுவதற்கு முன்பு நன்கொடையாளர் யார் என்று தெரிந்துவிடும்.

ஒரு சிமென்ட் பலகை என்ன விலை என்று கொத்தனாரிடம் கேட்டேன். சொன்னார். அதே வாரம் பொருளாளர் ஆண்டுக் கணக்கு வாசித்தார். பொன்னாடைச் செலவு தனி இனம். நடக்காத வேலைக்கு நன்றி சொல்லி நாங்கள் போர்த்திய பொன்னாடைகளின் விலையில் இரண்டு பலகை வாங்கியிருக்கலாம். ‘நாமே போட்டுடலாமே’ என்றேன். தலைவர் பதறிப்போனார். ‘அது அரசாங்கத்தோட வேலை சார். நாம செஞ்சா தப்பான முன்னுதாரணம் ஆயிடும்.’ குழாய் இறக்கியபோது எந்த முன்னுதாரணத்தைப் பின்பற்றினார்கள் என்று தெரியவில்லை.

இத்தனை மாதமும் அந்தப் பள்ளத்தில் ஒருவர்கூட விழவில்லை. காரணம் செயலி அல்ல, சங்கம் அல்ல. ஒரு பூக்காரம்மா. சங்கம் பிறப்பதற்கு முன்பிருந்தே தெருமுனையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூ விற்பவர். முழம் போடும் கை நிற்காது. வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். ‘பள்ளம் கண்ணு, ஓரமாப் போ.’ ‘ஐயா, வண்டியை இந்தாண்ட எடுங்க.’ இருட்டிய பிறகு, பூ தெரிவதற்காக வைத்திருக்கும் சின்ன சார்ஜர் விளக்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். பூ இருட்டில் கிடக்கும். எங்கள் வார்டில் ஒழுங்காக இயங்கிய ஒரே பேரிடர் மேலாண்மை அதுதான். சம்பளம் கிடையாது. பொன்னாடையும் கிடையாது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று: பள்ளம் குறித்து நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது. இரண்டு: தெருமுனைப் பூக்கடை ஆக்கிரமிப்பை அகற்றக் கோருவது. நகரின் தோற்றம் கெடுகிறதாம். மனை விலை இறங்குகிறதாம். வீட்டு வாசலில் சாக்கடை வாடை வருவதால் இறங்காத விலை, மல்லிகை வாடை வருவதால் இறங்குகிறதாம்.

2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. பிறகு அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைக்க வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதே குழுவில் இடம் உண்டு. ஆக, சட்டப்படி எங்கள் தலைவரும் பூக்காரம்மாவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டியவர்கள். செயலாளரிடம் சொன்னேன். ‘சட்டமெல்லாம் சரி சார், நம்ம தெருவுக்கு எதுக்கு அது?’ என்றார்.

நான் கை தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது. நடவடிக்கைப் பதிவேட்டில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருக்கிறது.

பள்ளத்துக்கு ஐந்து மாதம் ஆகியும் ஆள் வரவில்லை. பூக்கூடைக்கு 48 மணி நேரத்தில் லாரி வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். ஒரு மேற்பார்வையாளர், ஒரு கைப்பேசிப் படம், ஒரு கையெழுத்து. முக்காலியைத் தூக்கினார்கள். கூடையைத் தூக்கினார்கள். விளக்கைத் தூக்கினார்கள். பள்ளத்தின் மேல் கிடந்த உடைந்த நாற்காலியையும் வேப்பங்கொம்பையும் சேர்த்துத் தூக்கினார்கள், அதுவும் ஆக்கிரமிப்பாம். திரும்பும்போது லாரி பள்ளத்தை ஒட்டி, சக்கரம் இறங்காமல், அழகாக வளைந்து போனது. அப்போதுதான் புரிந்தது: பள்ளம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

‘தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.’ இந்த முறை உண்மையாகவே முடித்திருந்தார்கள்.

அரசு இயந்திரம் ஓடவில்லை என்று யார் சொன்னது? ஜோராக ஓடுகிறது. சங்கம் தொடங்கியதிலிருந்து நாங்கள் கொடுத்த புகார்களை எடுத்துப் புரட்டினேன். குடிநீர், கொசு, வடிகால், விளக்கு: எல்லாம் காகிதத்தில் முடிந்தவை. இஸ்திரி வண்டி, இளநீர்க் கடை, பூக்கடை: எல்லாம் தெருவில் முடிந்தவை. திருப்பிப் புகார் கொடுக்க முடியாதவர் மீது கொடுத்த புகார் மட்டும் நிறைவேறுகிறது. மேலே பார்த்து மனு போடுகிறோம். அது கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. அதிகாரி மோசம் என்கிறோம். அவர் எங்களை நன்றாகப் புரிந்துகொண்டவர். எங்களுக்கு எந்தப் புகார் உண்மையிலேயே முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2022 அக்டோபரில் சென்னையில், தொலைக்காட்சி ஒன்றில் வேலை பார்த்த ஓர் இளைஞர், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து இறந்துபோனார். செய்தி வந்த அன்று எங்கள் சங்கமும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

பூக்காரம்மாவை அகற்றிய மூன்றாம் நாள் இரவு மழை. மின்சாரம் இல்லை. தெருமுனையில் சத்தம். ஓடினோம். உணவு கொண்டுவரும் பையன் ஒருவன். வண்டி மேலே, அவன் பாதி உள்ளே. நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பையிலிருந்த குழம்பு சட்டை முழுக்க வழிந்திருந்தது. இருபது வயதிருக்கும். ‘அம்மா’ என்று ஒருமுறைதான் கத்தினான். அதற்குப் பிறகு அவன் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. ‘பதினாலாம் நம்பர் வீட்டு ஆர்டர் சார். லேட்டாயிடுச்சுன்னு கம்ப்ளெயின்ட் போட்டுட வேணாம்னு சொல்லுங்க சார்.’

அவனுக்குத் தெரியும். இந்த நாட்டில் சில புகார்கள் உடனே பலிக்கும்.

மறுநாள் காலை பள்ளத்தில் புதிதாக ஒரு வேப்பங்கொம்பு நின்றது. பூக்காரம்மா செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. பொருள் வரிசை: ஒன்று, பள்ளம் குறித்து இரண்டாவது நினைவூட்டுக் கடிதம். இரண்டு, உணவு கொண்டுவரும் வண்டிகள் இரவு நேரத்தில் நகருக்குள் நுழைவதைத் தடைசெய்யக் கோருதல்.

இரண்டாவது 48 மணி நேரத்தில் நிறைவேறும்.