பெனிடார்ம் துரை

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே விமான நிலையத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பெனிடார்ம் வந்துவிடும். கடலோரமெங்கும் அடுக்குமாடிகள், வருஷத்தின் பெரும்பகுதி வெயில். காலை பத்து மணிக்கு அங்கே ஒரு கடை வாசலில், அரைக்கால் சட்டை, செருப்புக்குள் காலுறை, வேகவைத்த இறாலின் நிறத்தில் கழுத்து என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே தட்டில் பேக்கன், சாசேஜ், முட்டை, பீன்ஸ். அவர்தான் நம் துரை.

ஊட்டியில் வேட்டையாடிய துரைகளின் வம்சம் அல்ல. லங்காஷயர் பக்கம் பிளம்பராகவோ பள்ளி வாத்தியாராகவோ இருந்து, வீட்டை விற்று, பென்ஷனோடு வந்தவர். ஸ்பெயினில் இப்படிப் பதிவு செய்துகொண்டு வாழும் பிரிட்டிஷ்காரர்கள் மூன்று லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். எல்லாருமே துரையல்ல. சரளமாக ஸ்பானிஷ் பேசி, அந்த ஊரிலேயே பெண் கட்டி, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடப் பழகியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

துரை சொந்த ஊரில் இருந்தவரை இவ்வளவு ஆங்கிலேயராக இருந்ததில்லை. அங்கே பாதி நாள் சிக்கன் டிக்கா மசாலாதான் ராச்சாப்பாடு. கிறிஸ்துமஸ் அன்று அரண்மனை உரை டிவியில் ஓடும்போது சோபாவில் குறட்டை விடுவார். இங்கே வந்த பிறகோ, ஆகஸ்டு மாத வெயிலிலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரோஸ்ட்டும் கிரேவியும் இல்லாமல் ஆகாது. கிறிஸ்துமஸ் உரைக்கு நிமிர்ந்து உட்காருகிறார். 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் தொடங்கிவைத்த வழக்கம் அது. முதல் உரையை எழுதிக் கொடுத்தவர் பம்பாயில் பிறந்த கிப்ளிங்.

லண்டனில் மூன்று மணிக்கு வரும் உரை இங்கே நாலு மணிக்கு வரும். அதில் துரைக்கு ஒரு மனக்குறை. ஏனென்றால் கிரீன்விச் தீர்க்கரேகை அவரை விடாமல் பின்தொடர்ந்து வந்து, பக்கத்து ஊரான அல்தேயாவைத் தாண்டியதும் கடலில் இறங்குகிறது. சூரியனைக் கேட்டால் இங்கேயும் லண்டன் நேரம்தான். 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசாங்கம் கடிகாரத்தை ஜெர்மனியோடு சேர்த்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. அதற்குப் பிறகு யாரும் பின்னால் தள்ளவில்லை. "ஹிட்லர் போய் எத்தனை வருஷமாச்சு!" என்று துரை பாரில் யாரையாவது பிடித்துக்கொண்டு கேட்பார்.

டீ விஷயத்துக்கு வருவோம். ஸ்பானிஷ் கடையில் டீ கேட்டால் கோப்பையில் சுமாரான வெந்நீர், தட்டில் தனியாக ஒரு டீ பை, பக்கத்தில் சூடான பால் என்று வைப்பார்கள். மூன்றுமே துரையின் மதத்துக்கு விரோதம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், பை அதற்குள் முன்பே கிடக்க வேண்டும், பால் குளிர்ந்திருக்க வேண்டும். "பால் ஆறினது, ஆறினது" என்று கையை விசிறிக் காட்டுவார். பையன் புரிந்துகொண்டு மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போவான். ஸ்பானிஷ் உள்நாட்டுப் போரில் கழுத்தில் குண்டு வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல், 1946-இல் ஒரு டீ போடுவதற்குப் பதினோரு விதி எழுதினார் என்றால், இந்த ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விவகாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார் என்பது துரைக்கு ஞாபகம் வராது. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து நம் ஜனங்களுக்கு மறக்காது.

பீன்ஸும் அப்படித்தான். இங்கிலாந்தின் ஆன்மாவே அந்த நீலப் பச்சை டப்பாவுக்குள் இருக்கிறது என்று துரை நம்புகிறார். அந்த டப்பாவைப் போடும் ஹெயின்ஸோ அமெரிக்கக் கம்பெனி. 1886-இல் தன் பொருள்களை லண்டன் பெரிய கடையொன்றில் சீமைச் சரக்காக விற்க ஆரம்பித்தது. மீன் வறுவலுக்கோ இன்னும் வேடிக்கையான ஜாதகம். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் வித்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்கள், ஸ்பெயினும் போர்ச்சுகலும் துரத்திய யூதர்கள் என்பார்கள். அது இப்போது "அசல் பிரிட்டிஷ்" என்று பலகை மாட்டிக்கொண்டு பெனிடார்மில் விலைபோகிறது.

சரக்கு யாருடையதாக இருந்தாலும், வரிசை மட்டும் துரைக்கே சொந்தம். அதுதான் ஸ்பெயினில் அவரை நிஜமாகவே வதைக்கிறது. அங்கே ரொட்டிக் கடைக்குள் நுழைகிறவர் "யார் கடைசி?" என்று கேட்பார். ஒரு பாட்டி கையைத் தூக்குவார். அவ்வளவுதான். தன் முறை அந்தப் பாட்டிக்கு அடுத்தது என்று மனதில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காரலாம், வெளியே போய் வம்பளக்கலாம். வரிசை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. துரை நுழைகிறார். எதுவும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் கேக் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பின்னால், இரண்டடி இடைவெளி விட்டு நிற்கிறார். கேக் பார்த்தவர் போய்விடுகிறார். துரை மட்டும் ஒற்றை ஆள் வரிசையாக நிற்கிறார். நாலு பேர் முறைப்படி வாங்கிப் போகிறார்கள். துரை தொண்டையைக் கனைக்கிறார். ஒரு பிரிட்டிஷ்காரர் பொது இடத்தில் போடக்கூடிய அதிகபட்சச் சண்டை அது. கடைசியில் கடைக்காரம்மா இரக்கப்பட்டுக் கூப்பிட, "மன்னிக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டு ரொட்டி வாங்குகிறார்.

பிறகு பிரெக்ஸிட் வந்தது, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2016 வாக்கெடுப்பில், நாட்டைவிட்டுப் போய்ப் பதினைந்து வருஷம் தாண்டியவர்களுக்கு ஓட்டு இல்லை. துரைக்கும் இல்லை. இருந்திருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பார் என்பது துரைசானிக்கே தெரியாது. இங்கிலாந்தில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள், வந்தவர்கள் பாஷை கற்றுக்கொள்வதில்லை என்று ஸ்பானிஷ் பாரில் உட்கார்ந்து இங்கிலீஷில் குறைப்படுகிறவர் அவர். 2021 ஜனவரி முதல், ஊரிலிருந்து பார்க்க வரும் அக்காவின் பையில் சாசேஜும் செடார் சீஸும் வர வழியில்லை. இறைச்சியும் பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துவரத் தடை. 2022 மே மாதம் குடியிருப்போரின் பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ் செல்லாது என்றானது. அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் ஆகும்வரை, லைசென்ஸை மாற்றாமல் சோம்பியிருந்த துரைகள் பஸ்ஸில்தான் போனார்கள். பக்கத்து வீட்டு ஸ்பானிஷ்காரர்தான் வாரா வாரம் காரில் ஏற்றிக்கொண்டு போய் மளிகை வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்து மாதத்தில் துரை கற்றுக்கொண்ட ஸ்பானிஷ், முந்தைய இருபது வருஷத்தில் கற்றதைவிட அதிகம்.

பெண்டாட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். துரைசானி பழைய பொருள் விற்கும் தர்மக் கடையில் சம்பளம் இல்லாமல் நிற்கிறார். டீ கெட்டில், ஜிக்சா பெட்டி, பாதி படித்த துப்பறியும் நாவல் என்று விற்றுவரும் காசு தெருநாய்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் போகிறது. இந்த ஜனங்களைக் கேலி செய்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்ப்பதுதான் நியாயம்.

லீவுக்கு மான்செஸ்டரிலிருந்து பேத்தி வந்தாள். கணவாய் வறுவல் கேட்டாள், ஓட் பால் காபி கேட்டாள், பீன்ஸைத் தொடவில்லை. அங்கே ஊரில் இதையெல்லாம் யார் தாத்தா சாப்பிடுகிறார்கள் என்றாள். துரை அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

2024-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பதினைந்து வருஷக் கணக்கு ஒழிந்தது. துரைக்கு ஓட்டுரிமை திரும்பி வந்தது. தபால் ஓட்டுக்கு மனு செய்துவிட்டு, தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார். தேர்தல் ஜூலை 4. வெளிநாட்டில் இருந்த பலருக்கும் நடந்ததுபோல, அவருடைய வாக்குச்சீட்டும் தேர்தல் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒரு கோப்பை டீ போட்டுக்கொண்டு, தொகுதியின் புது எம்.பி.க்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தங்கள் வேலைக்கு நடுவே தொந்தரவு தருவதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்த கடிதம், மூன்றாம் பக்கத்தில் கடிகாரத்தை மாற்றி வைத்த பிராங்கோவிடம் போய் நின்றது.