மிளகு வாசனை வருகிறதா?

அடிலெய்டில் குடியேறிய தமிழர் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கோயில் ஆயிற்று, கடற்கரை ஆயிற்று, அடுத்து பரோசா பள்ளத்தாக்குதான். காரில் ஒரு மணி நேரம். அங்கே 1843-ல் நட்ட சிராஸ் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. காரணம், பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்த ஃபைலாக்ஸரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. விருந்தாளிகள்தான் நுழைகிறார்கள்.

எங்களை அங்கே வழிநடத்துபவர் எங்கள் தெரு அண்ணாச்சி. பூர்வீகம் திருநெல்வேலி, தொழில் கணக்கு, வியாதி சிராஸ். பிரெஞ்சுக்காரர்கள் சிரா என்று சொல்லும் அதே திராட்சைதான்.

ருசி பார்க்கும் அறையில் ஒரு பெண் கண்ணாடிக் கோப்பையில் விரற்கடை அளவு வைன் ஊற்றுவார். சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும். "மிளகு வாசனை வருகிறதா?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிராஸில் மிளகு மணப்பதற்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். மிளகை மணக்க வைப்பதும் அதேதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் இதை வெளியிட்டபோது, மனிதர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரிவதில்லை என்றும் சொன்னார்கள். ஆக, பத்துத் தலை ஆடினால் அதில் இரண்டு மரியாதைக்கு ஆடுகிற தலை. அதுவும் வெயில் காயும் பரோசாவில் மிளகு அடக்கம்தான். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ், பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதி போன்ற குளிர்ந்த இடங்களில்தான் தூக்கலாக இருக்கும். யவனன் மதுவைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப்போன கரைக்காரர்கள் நாம். இப்போது காசு கொடுத்து மதுவுக்குள் மிளகைத் தேடுகிறோம்.

முகர்ந்தாயிற்றா, அடுத்து துப்ப வேண்டும். விழுங்குகிறவன் கற்றுக்குட்டி. செட்டிநாட்டு வீட்டுப் படிக்கம் போல ஒரு பாத்திரம் நடுவில் இருக்கும். வெற்றிலை போட்ட பரம்பரை என்பதால் அண்ணாச்சிக்கு இது கைவந்த கலை. நாலடி தள்ளி நின்று நூல் பிடித்தாற்போல் துப்புவார். வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

விழுங்காத வைனுக்கே இந்த மரியாதை என்றால், திறக்காத வைனுக்கு எவ்வளவு இருக்கும்! அண்ணாச்சி வீட்டில் அதற்கென்று ஓர் அலமாரி. எந்நேரமும் 13 டிகிரி. கார்க் காய்ந்துவிடக் கூடாதென்று பாட்டில்கள் படுத்தே இருக்கும். வெளியே நாற்பதைத் தாண்டும் ஜனவரியில் பாட்டில்கள் குளுகுளுவென்று உறங்க, மதினி மின்விசிறிக்கு அடியில் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார்.

"இத எப்பந்தான் தொறப்பீய?"

"2040-ல நல்லா இருக்கும்."

"பாட்டிலா, நாமளா?"

அலமாரியின் மேல்தட்டில் இருப்பது பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச். இதன் கதையை அண்ணாச்சி சொல்லிக் கேட்க வேண்டும். மேக்ஸ் ஷூபர்ட் என்பவர் போர்தோ போய்வந்து, 1951-ல் சோதனையாகச் செய்த வைன். குடித்துப் பார்த்த பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பு மாதிரி இருக்கிறது என்றுகூட ஒருவர் எழுதினார். 1957-ல் நிறுவனமே நிறுத்தச் சொல்லிவிட்டது. மனிதர் சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்று வருடம் கள்ளத்தனமாகச் செய்து நிலவறையில் ஒளித்துவைத்தார். பழசைத் திறந்து பார்த்தால் அருமையாக முதிர்ந்திருந்தது. 1960-ல் அவர்களே மறுபடி செய்யச் சொன்னார்கள். இன்று பழைய கிரேஞ்ச் பாட்டில்களுக்கு அந்த நிறுவனமே மருத்துவ முகாம் நடத்துகிறது. 15 வயது தாண்டிய பாட்டிலைத் திறந்து, சொட்டு ருசித்து, குறைந்ததை நிரப்பி, புதுக் கார்க் அடைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். அண்ணாச்சி தன் சர்க்கரைப் பரிசோதனையை மூன்று முறை தள்ளிப்போட்டவர். பாட்டிலின் முகாமுக்கு விடியற்காலையிலேயே போய் நின்றார்.

அப்படி ஒளித்துச் செய்த 1959 கிரேஞ்ச் ஒன்றுதான் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பேரி ஓஃபாரெல்லின் பதவிக்கு உலை வைத்தது. 1959 அவர் பிறந்த வருடம். மூவாயிரம் டாலர் மதிப்புள்ள அந்தப் பாட்டில் தனக்குப் பரிசாக வந்ததாக நினைவே இல்லை என்று 2014-ல் ஊழல் விசாரணை ஆணையத்தில் சொன்னார். மறுநாளே, வைனுக்கு நன்றி சொல்லி அவர் தம் கைப்படவே எழுதிய கடிதம் வெளியே வந்தது. பதவி விலகினார். பிறகு 2020-ல் ஆஸ்திரேலியத் தூதராக நம் டெல்லிக்கே வந்து சேர்ந்தார்.

அண்ணாச்சிக்கு அவர் வாங்கியதில் வருத்தமில்லை. "கிரேஞ்ச மறந்துட்டேன்னா யாரு நம்புவா? பேரப்பிள்ள பேர மறக்கலாம், சரி. இத மறக்க முடியுமாவே?" என்று இன்றும் கொதிக்கிறார்.

போன மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். தெருக்காரர்கள் பணம் போட்டு நல்ல சிராஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கண் கலங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நன்றி சொன்னார். வாயால்தான். எழுத்தில் எதுவும் தரவில்லை.