வீல்சேர்காரருக்கு ஜிம் கருவி: காண்டிராக்டர்களுக்குச் சில யோசனைகள்

முதலில், வீல்சேரில் இருக்கிற யாரிடமும் கருத்துக் கேட்டுவிடாதீர்கள். ஏதாவது சொல்வார்கள், பிளானை மாற்ற வேண்டிவரும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். உபயோகிப்பவர்களிடம் கொடுத்துப் பார்த்துத் திருத்தி, 2019 நவம்பரில் ‘அரைஸ்’ என்ற நாற்காலியை வெளியிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே நெம்பி எழுந்து நிற்கலாம். அப்போது விலை சுமார் 15,000 ரூபாய். இந்த விலைக்கு விற்றால் பில் எப்படிப் போடுவது?

இடம் தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் ஒரு பூங்கா என்றே வைத்துக்கொள்வோம். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் பக்கம்தான். தண்டுவடத்தில் அடிபட்டு வீட்டோடு கிடப்பவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்க மாட்டார்களா என்று யாராவது கேட்பார்கள். இருந்தால் பூங்காவுக்கு வந்திருப்பார்களே என்று சொல்லிவிடுங்கள். வாசலில் ஒன்றரை அடி உயரத்துக்கு மூன்று படி, உள்ளே மணல், மாடு நுழையாதிருக்க ஒரு சுழல் கேட். இவை இருக்கும்வரை உங்கள் பதிலை யாரும் மறுக்க முடியாது. முறைப்படி சரிவுப்பாதை போட்டால் அந்த ஒன்றரை அடிக்கே 18 அடி நீளம் வேண்டும். சிமென்ட் விற்கிற விலையில்!

கருவிகளைக் கேட்லாக்கில் இருப்பதுபோலவே வாங்குங்கள்: கால் மிதிக்கும் சைக்கிள், நின்று ஆடும் பலகை. பக்கத்தில் நீல நிறத்தில் வீல்சேர் படம் வரைந்தால் போதும், திறப்பு விழா போட்டோவில் நன்றாக விழும்.

கைக்கும் ஏதாவது வேண்டும் என்று அடம்பிடித்தால் முன்னால் தள்ளுகிற கருவியாகப் பார்த்து வையுங்கள். நாளெல்லாம் சக்கரம் தள்ளி ஓய்ந்த தோளை இன்னும் தள்ளவிடலாம். இழுக்கிற கருவி மட்டும் வேண்டாம். பின்தோளும் முதுகும் வலுத்து, தோள்வலி குறைந்து தொலைக்கும்.

முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். வெல்டிங் பட்டறைப் பக்கம் போய் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பட்டறைக்காரர் பழைய சைக்கிளிலிருந்து பெடல், செயின், சக்கரம், பிரேக் நான்கையும் கழற்றி, உட்கார்ந்தவரின் தோள்மட்டத்தில் கையால் சுற்றுகிற மாதிரி இரும்புச் சட்டத்தில் பொருத்திவிடுவார். பிரேக்கை இறுக்கினால் கனக்கும், தளர்த்தினால் லேசாகும். நாற்காலி நகராமல் பிடிக்க இரண்டு கொக்கி. விரலில் பிடிமானம் இல்லாதவர் கையைப் பெடலோடு சேர்த்துக் கட்ட ஒரு ஒட்டுப்பட்டை. சட்டம் ஏறி இறங்க நாலு ஓட்டை போட்டால் ஆளுக்கேற்ற உயரமும் கிடைத்துவிடும். சீட் எங்கே என்று கேட்டால், “அவரு சீட்டோடதானே சார் வர்றாரு?” என்பார். உங்கள் எஸ்டிமேட்டில் சீட்டுக்குப் போட்ட தொகையை அப்புறம் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கக் கிளம்புகிறவர்கள் கண்ணில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கான வசதிகளை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றியமைக்க வேண்டும் என்று அதன் 30-வது பிரிவில் எழுதியிருக்கிறது.