மௌனவிரதமும் ஒரு மிதியும்

உலகைத் துறந்து வனாந்தரம் புகுந்த மகான்களிடம் எனக்குள்ள பக்திக்குப் பெரும் சோதனையாக வந்து வாய்த்தது, 1979-ஆம் ஆண்டு மான்டி பைதான் குழுவினர் எடுத்த 'லைஃப் ஆஃப் பிரையன்' என்னும் ஆங்கிலப் படம். பாலைவனத்தில் ஒரு குழி. குழிக்குள் தாடியையே வஸ்திரமாகக் கொண்ட ஒரு கிழத் துறவி. 18 வருஷமாக வாய் திறவாத அந்தப் புண்ணியவானின் பாதத்தின்மீது, தன்னை ரட்சகனென்று நம்பித் துரத்திவரும் கூட்டத்துக்கு அஞ்சி ஓடிவந்த பிரையன் தொப்பென்று குதிக்கவே, அத்தனை காலத் தவமும் ஓர் அலறலில் கலைந்துபோகிறது. கலைந்ததுதான் கலைந்தது என்று கிழவர் பாடவே ஆரம்பித்துவிடுகிறார். பின்னாலேயே வந்த கூட்டமோ, அவருடைய ஒரே ஜீவனோபாயமான ஜூனிபர்ச் செடியில் கனி கண்டு, அதையும் பிரையனின் அற்புதமென்று கொண்டாடி உண்கிறது. இதை ஒப்பாத கிழவரை அவநம்பிக்கைக்காரரென்று தூக்கிக்கொண்டும் போகிறது. படத்தின் டைரக்டரான டெர்ரி ஜோன்ஸே இந்த வேஷத்தையும் தரித்தார்.

இதை மிகையென்று தள்ளச் சரித்திரம் இடங்கொடுக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில், சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே, தம்மைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்ட ஜனங்களின் தொல்லை பொறுக்காமல் தூண்மேல் ஏறிய சிமியோன் என்ற துறவி, ஏறக்குறைய 37 வருஷம் இறங்கவேயில்லை. தூண் உயர உயர, அந்த அதிசயத்தைப் பார்க்க வந்த கூட்டமும் பெருகிற்று. எகிப்து தேசத்து அந்தோணியாரோ பாழ்ங்கோட்டை ஒன்றில் 20 வருஷம் அடைபட்டுக் கிடந்தும், அன்பர்கள் கதவைப் பெயர்த்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெயின்ஸ்ஹில் தோட்டத்துப் பிரபுவான சார்ல்ஸ் ஹாமில்டன், ஏழு வருஷம் முடி களையாமல், வாய் பேசாமல் தம் தோட்டத்தில் முனிவராக வீற்றிருப்பவருக்கு 700 பவுன் தருவதாகச் சொல்லி ஓர் ஆளை அமர்த்தினாராம். அந்த முனிவரோ மூன்றே வாரத்தில் சாராயக்கடையில் அகப்பட்டாராம். இம்மூவருள் நடைமுறை ஞானம் வாய்த்தவர் கடைசி மனிதரே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

படத்தின் ரசிகர்களும் ஒருவகைப் பக்தகோடிகள்தான். முன்பின் அறியாத இருவருள் ஒருவர் பேச்சுவாக்கில் 'ஜூனிபர்' என்று உச்சரித்துவிட்டால் போதும். இருவரும் கண்ணீர் மல்கச் சிரித்துக் காட்சி காட்சியாக நடிக்கத் தொடங்க, இடையில் அகப்பட்ட மூன்றாமவருக்கு மௌனவிரதத்தைத் தவிர வேறு மார்க்கமில்லை. இந்த ரசிகப் பெருமக்களுள் தலையாயவர் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். கதையைப் படித்து மிரண்ட இ.எம்.ஐ. கம்பெனியார் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது, படத்தைத் தாம் பார்த்தாக வேண்டுமென்ற ஒரே ஆசையால், தம் வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டியவர் அவர். அவ்வளவு செலவிட்டவருக்குப் படத்தில் ஒரு கணம் தலைகாட்டவும் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம், பிரையனைச் சூழ்ந்து நெருக்கும் அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் நிற்கிறார்.