வாழையிலையில் ஒரு சுற்று

கல்யாணப் பந்தியில் உட்காருமுன் பக்கத்து நாற்காலியில் யார் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பார்க்காமல் உட்கார்ந்துவிட்டீர்களானால், அவர் இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற விதத்தைக் கவனியுங்கள். நீங்களும் நானும் ஒரு தட்டு, ஒரு வழிப்போடு விட்டுவிடுவோம். அவர் நுனியிலிருந்து அடிவரை ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பார். ஈரமிருந்தால் டயர் வழுக்குமாம்.

"மச்சான், இதுதான் சிப்பாங்."

தொலைந்தது. இனி சோறு வரும்வரை எழுந்திருக்க முடியாது.

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. பழைய ஜப்பான் காரை வாங்கி, எஞ்சினை மாற்றி, பின் சீட்டைப் பிடுங்கி, ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் ஓட்டும் இந்த ரகம் கிள்ளான் முதல் ஜொகூர் வரை பரவிக் கிடக்கிறது. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் மாப்பிள்ளை பார்க்கும்போது அவர் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிற வண்டியைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பார்க்கவில்லை.

இலைக்கு வருவோம். நடு நரம்புதான் பார்வையாளர் மேடை. உண்மையிலேயே சிப்பாங் பந்தயத் தடத்தில் அப்படித்தான். இரண்டு நீளமான நேர்ப்பாதைகள், நடுவில் இரு பக்கமும் பார்க்கும்படி மேடை. நரம்புக்கு இந்தப் பக்கம் முன் நேர்ப்பாதை, அந்தப் பக்கம் பின் நேர்ப்பாதை. இலையின் நுனி பதினைந்தாவது வளைவு. இரண்டையும் கொக்கி மாதிரி மடக்கிச் சேர்க்கிற கடைசி வளைவு. மொத்தம் 5.543 கிலோமீட்டர். கல்யாண நாளைக் கேட்டால் யோசிப்பார், இதை யோசிக்க மாட்டார்.

வலது ஆள்காட்டி விரல்தான் கார். கியருக்கு ஒரு டம்ளர் வேண்டும். நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடக்கையில். ஆகவே அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன் டம்ளர் போயிற்று. அந்த இடம் எப்போதும் எனக்குத்தான் வாய்க்கும். டம்ளர் முன்னே போனால் மூன்றாவது கியர், பின்னே வந்தால் நான்காவது. ஒவ்வொரு தடவையும் மேசைக்கடியில் என் வலது பாதத்தின்மேல் கிளட்ச் அழுந்தும். அவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு இன்னும் கஷ்டம். ஓட்டுகிறவர் முன்பாதத்தால் பிரேக்கை அழுத்திக்கொண்டே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரைத் தட்ட வேண்டும். கியரை இறக்கும்போது எஞ்சின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போவதற்காக. இந்த வித்தை தெரியாத பெரியவர், யாரோ தம் செருப்பைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று குனிந்து குனிந்து பார்ப்பார்.

சத்தம் வாயால். பதினாறு வால்வும் பல்லிடுக்கில் திறந்து மூடும். 7,500 சுற்றைத் தொடும்போது எச்சில் தெறிக்கும். நான் என் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

"முதல் வளைவு வலது. உள்ள போகப் போக இறுகும் மச்சான். எல்லாரும் இங்க அவசரப்பட்டு மிதிச்சிருவாங்க. நான் மிதிக்க மாட்டேன்." விரல் உப்பை ஒட்டித் திரும்புகிறது. உப்பு, ஓரத்துச் சரளை, தொட்டால் போச்சு. "உடனே ரெண்டாவது, இடது." பரிமாறுகிற பையன் கூட்டு வைக்கிறான். விரல் சற்றும் கலங்காமல் கூட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஐந்து, ஆறு. டம்ளர் முன்னும் பின்னும். எட்டு தாண்டி ஒன்பதாவது வளைவு. இடப்பக்கம், மிகவும் மெதுவானது. சரியாக அங்கே ஒரு வடை வந்து விழுகிறது.

"பாத்தீங்களா! அன்னைக்கும் இதே இடத்துலதான் ஒரு மைவி காரு குறுக்க நின்னுச்சு!"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. வடை வேண்டாமோ என்று எடுக்கப் போகிறான். "இருக்கட்டும்பா, இருக்கட்டும்." வடையைச் சுற்றி எப்படி உள்பக்கமாக நுழைந்தார் என்பதை மூன்று தடவை காட்டுகிறார். மூன்றாவது தடவை வடை வழிவிடுகிறது. பின் நேர்ப்பாதையில் அப்பளம் நொறுங்குகிறது. நுனி வளைவு நெருங்கும்போது சோற்று வாளி வந்துவிடுகிறது. சோறு விழுந்தால் சிவப்புக் கொடி, ஓட்டம் ரத்து. வருத்தத்தோடு சாம்பார் ஊற்றச் சொல்வார். நான் டம்ளரைத் திரும்ப வாங்கித் தண்ணீர் குடிப்பேன்.

இலை இல்லாவிட்டாலும் விட மாட்டார். மாமாக் கடையில் ரொட்டி சானாய்த் தட்டு, பேரங்காடியில் பில்லின் பின்பக்கம், என் பெரியம்மா கருமாதியில் வாசல் மணல். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது பார்க்க வந்தார். உடம்பு எப்படி என்று கேட்டார். பதில் வருவதற்குள் போர்வையில் முன் நேர்ப்பாதை போட்டாயிற்று. மேடு காட்டுவதற்காக என் முழங்காலை மடக்கச் சொன்னார். தையல் பிரியும் என்று தாதி வந்து திட்டியபிறகுதான் ஆறாவது வளைவில் நிறுத்தினார்.

இத்தனையும் எந்தச் சாதனையைச் சொல்ல? ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் 52 வினாடி. நான்கு வருடமாக அதே 52. கணக்குப் போட்டால் மணிக்கு 116 கிலோமீட்டர் சராசரி. சிப்பாங்கில் கடைசியாக ஃபார்முலா ஒன் நடந்த 2017இல் செபாஸ்டியன் வெட்டல் ஒரு நிமிடம் 34 வினாடியில் சுற்றினார் என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அது வேற மாதிரி கார் மச்சான்" என்றார், ஏதோ அந்த ஒன்றுதான் இடைஞ்சல் என்பது போல.

அந்த 52கூட அவருடைய நிஜ டைம் கிடையாது. நிஜ டைம் 49. அது இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை டயர் சூடாகவில்லை. ஒரு தடவை டயர் அதிகமாகச் சூடாகிவிட்டது. ஒரு தடவை மதியம் மூன்று மணி மழை, ஒரு தடவை மஞ்சள் கொடி, மற்ற தடவையெல்லாம் மைவி. "சுத்தமா ஒரு லேப் கிடைக்கட்டும் மச்சான், அப்புறம் பாருங்க." நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஹாச்சி ரோக்கு' என்பார். ஜப்பானிய மொழியில் எட்டு-ஆறு. 1983இல் வந்த டொயோட்டா ஏஇ86. மற்ற கொரொல்லாக்கள் முன்சக்கர இழுவைக்கு மாறியபோதும் பின்சக்கர இழுவையோடு நின்ற வண்டி; எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 1995இல் ஷிகெனோ ஷூயிச்சி தொடங்கிய 'இனிஷியல் டி' சித்திரக்கதையில் டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் மலைப்பாதையில் ஓட்டுவது இதைத்தான். அதன்பிறகு உலகம் முழுக்க இதற்கு யானை விலை. ஆகவே இவரிடம் இருப்பது அதுவல்ல. இவருடையது கேஇ70; அதே கொரொல்லா குடும்பத்தில் முந்தைய தலைமுறை, நம் ஊரில் டாக்டர் முதல் வாத்தியார் வரை எல்லாரும் ஓட்டிய சாது. அதன் 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு ஏஇ86இன் 1,587 சிசி 4ஏ-ஜிஇ எஞ்சினை ஏற்றியிருக்கிறார். இருதயம் மாறினால் ஆளே மாறிவிட்டதாக அர்த்தமாம்.

எஞ்சின் வந்தது ஹாஃப்-கட் கடையிலிருந்து. ஜப்பானில் மூன்றாம் வருடமும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் காரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வண்டிக்குச் செலவு கட்டுப்படியாகாமல் விற்றுவிடுகிறார்கள். முழுக் காராக இங்கே கொண்டுவந்தால் அனுமதி, வரி. பாதியாக அறுத்துக் கொண்டுவந்தால் உதிரிபாகம். அந்தக் கடைகளில் மூஞ்சி மட்டும் உள்ள கார்கள் மாடிமேல் மாடியாக அடுக்கியிருக்கும். கோயிலுக்குள் போவது மாதிரி அங்கே போவார். செருப்பை மட்டும் கழற்ற மாட்டார்.

ஒரே ஒரு தடவை கூடவே சிப்பாங்குக்குப் போயிருக்கிறேன். காலை ஏழு மணி. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, ஹெல்மெட். எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து. பிறகு கொடிப் பாடம். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் உன்னைவிட வேகமாக ஒருத்தன் பின்னால் வருகிறான், வழிவிடு.

இத்தனை வருடத்தில் இலையில் நான் ஒரு நீலக்கொடியைக்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு வேறு கொடியையே பார்க்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. நேர்ப்பாதையில் நம் கேஇ70 முக்கிக்கொண்டு வரும். பின்னால் ஏதாவது ஒரு சிவிக் வந்து ஒட்டும். உடனே இவர் சிக்னல் போட்டு ஒதுங்கி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி "நீங்க போங்க" என்பார். டோல் வரிசையில் ஒரு லாரியைக்கூட முன்னே விடாத மனிதர். அங்கே வழிவிட்டு வழிவிட்டு, வளைவில் மட்டும் வண்டியை அவ்வளவு அழகாகத் திருப்பினார். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

ஐந்தாவது சுற்றிலோ ஆறாவதிலோ மெதுவாக ஊர்ந்து உள்ளே வந்துவிட்டார். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். கொதித்தால் குமிழி கட்டும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். மிதித்தால் பெடல் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. ஒரு புட்டி புது எண்ணெய் ஊற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். புது ஸ்டியரிங் வாங்கின மனிதருக்கு அது தோன்றவில்லை.

கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார். வாழையிலைப் பொட்டலம். இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பேசாமல் சாப்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

அன்று கருவிகளை எடுத்துவைக்க டிக்கியைத் திறந்தபோது பார்த்தேன். வண்டி முழுக்க வெள்ளை அடித்திருக்கிறார். டிக்கிக் கதவின் உட்பக்கம் ஒரு கையகலம் மட்டும் பழைய பழுப்புநிறம். "அப்பா வாங்கினப்ப இருந்த கலர்" என்றார். தோட்டத்துக் கிராணியாக இருந்த அப்பா, இரண்டாம் கையாக வாங்கிய கார். அதில்தான் மகனைப் பத்து தீகாவுக்குப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போவாராம். 1968இல் திறந்த அந்தப் பத்து தீகா தடம் இப்போது இல்லை. அங்கே வீடுகள் நிற்கின்றன. இவர் இலையில் கோடு போடுவது எதற்கென்று அப்போது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

புரிந்தது சரி. ஆனால் என் தங்கை காரில் ஏர்கான் கெட்டுப் பத்து மாதமாகிறது. பகல் வெயிலில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். இங்கே நான்கு டயருக்குக் காசு வருகிறது, அங்கே காஸ் போட வரவில்லை. என் மகள் எஸ்பிஎம் எழுதி, முடிவு வந்து, கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள். என்ன படிக்கிறாள் என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை. பதினைந்து வளைவுக்கும் கியர் நம்பர் சொல்கிறவர், எதிரே உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறந்தால் "அது இருக்கட்டும் மச்சான், பத்தாவது வளைவுல என்னாச்சுன்னா" என்கிறார். மற்றவர்களுக்கும் ஒன்றிரண்டு வளைவு இருக்கும் இல்லையா? இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. 'ரெண்டே நாள் மச்சான்' என்று சொல்லி என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்த டி50 கியர்பாக்ஸ் இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. எண்ணெய் கசிந்து தரையில் கறை. அதில் ஒரு தடவை என் மனைவி வழுக்கியும் விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை, தீபாவளிக்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். தங்கை காரில் வாருங்கள், வெயிலும் தெரியும். தூக்குவதற்கு ஆளைக் கூட்டிவாருங்கள். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் ஆறாவது வளைவில் இருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள்.