விளக்குமாற்றுக்குக் கறுப்புப் பெயின்ட்

விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கறுப்புப் பெயின்ட் அடித்தவர்கள் ஜெர்மானியர்கள். 2014-இல் நார்வேயில் நேட்டோ பயிற்சி. ‘பாக்ஸர்’ கவச வண்டியின் தலையில் இயந்திரத் துப்பாக்கி இருக்கவேண்டிய இடத்தில் துடைப்பக் கழியைச் செருகி, கறுப்படித்து ஓட்டிப்போனார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்தானே! மறு ஆண்டு சங்கதி பத்திரிகைகளில் வந்ததும், அந்த வண்டிக்குத் துப்பாக்கியே தேவையில்லை என்றது பாதுகாப்பு அமைச்சகம். அப்படியானால் பெயின்ட் எதற்காம்?

2017 கடைசியில் அவர்களிடமிருந்த 6 நீர்மூழ்கிகளில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. ஒன்றும் மூழ்கவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த கணக்கு, 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்ததும் தலைகீழானது. மூன்றே நாளில், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், பிரதமர் ஷோல்ஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டி ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ என்றார். அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். வெள்ளம் தலைக்குமேல் போனபின் ஓடம் வாங்கினால் விலை அப்படித்தான் இருக்கும். வாங்கினாலும் உடனே மிதக்குமா?

அந்த டிசம்பரில் பயிற்சிக்குப் போன ‘பூமா’ கவச வண்டிகள் 18. பழுதாகி நின்றவையும் 18.